ரன்னிங்-இன்: புது எஞ்சினுக்குள் முதல் ஆயிரம் கிலோமீட்டரில் என்ன நடக்கிறது?

புது பைக் எடுத்தால் ஹெல்மெட் இலவசமோ இல்லையோ, அறிவுரை இலவசம். ஷோரூமில் சாவி கொடுப்பவர் ஒன்று சொல்வார். எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு வீடு வந்து சேர்ந்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று சொல்வார். பெரும்பாலும் எல்லோரும் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "முதல் ஆயிரம் கிலோமீட்டர் நாப்பதுக்கு மேல போகாதீங்க தம்பி, எஞ்சின் செட்டாகணும்."

என் சித்தப்பா பையன் தாம்பரத்தில் வேலை பார்க்கிறான். போன மாதம் 150 சிசி பைக் ஒன்று எடுத்தான். எடுத்த வாரமே அதை ஓட்டிக்கொண்டு திருச்சிக்குப் போய் வீட்டில் காட்ட வேண்டும் என்று ஆசை. "அண்ணா, நாப்பதுலயே போய்ச் சேர்ந்துடலாமா?" என்று கேட்டான். தேசிய நெடுஞ்சாலையில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், பின்னால் எண்பதில் வரும் லாரிகளுக்கும் ஆம்னி பஸ்களுக்கும் நடுவில் நாற்பதில் போவது! எஞ்சின் செட்டாவதற்குள் ஆள் செட்டாகிவிடுவான். அந்த நாற்பது எங்கிருந்து வந்தது, அது இன்றைய வண்டிக்குப் பொருந்துமா என்று அவனுக்காகப் படிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் குறிப்பு.

முதலில் எது எதோடு செட்டாகிறது என்று பார்ப்போம்.

எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. பிஸ்டன் சிலிண்டர் சுவரை அடைத்துக்கொண்டு ஓடுவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியை அடைப்பது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகள். வழக்கமான நாலு-ஸ்ட்ரோக் எஞ்சினில் மூன்று: மேலே இரண்டு கம்ப்ரெஷன் ரிங், கீழே ஆயிலை வழித்து எடுக்கும் ஒரு ஆயில் ரிங். மேலே வெடிக்கும் வாயு கீழே ஒழுகாமலும், கீழே இருக்கும் ஆயில் மேலே போய் எரியாமலும் பார்த்துக்கொள்வது இவற்றின் வேலை. "ரிங் போச்சு, வண்டி புகை கக்குது" என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான்.

சிலிண்டர் சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும் என்பது இன்னொரு தவறான நினைப்பு. தொழிற்சாலையில் அதைக் கடைந்து முடித்த பிறகு, சாணைக்கல் போன்ற உராய்வுக் கற்களைச் சுழற்றிக்கொண்டே மேலும் கீழும் ஓட்டி, வேண்டுமென்றே குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் போடுகிறார்கள். இதற்கு ஹோனிங் என்று பெயர். அம்மி கொத்துகிற மாதிரிதான். வழுக்கிப்போன அம்மியில் மசாலா அரைபடாது. கொத்தி விட்டால்தான் பிடிக்கும். சிலிண்டரில் அந்தக் கீறல்களுக்கு இரண்டு வேலை. பள்ளங்களில் ஆயில் தங்கும். மேடுகளின் கூர்முனை, ரிங்கின் விளிம்பை மெல்லத் தேய்த்து, தானும் தேய்ந்து, இரண்டும் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்திப் போகும். "செட்டாவது" என்பது முக்கியமாக இதுதான். கியர் பற்கள், வால்வுகள், கேம் எல்லாம்கூடக் கொஞ்சம் தேய்ந்து பழகும். ஆனால் ரிங்கும் சுவரும்தான் இதில் கதாநாயகர்கள்.

அந்த மேடுகள் நிரந்தரமாக இருக்காது என்பதைக் கவனியுங்கள். வாய்ப்பு ஒருமுறைதான். மேடுகள் மழுங்குவதற்குள் ரிங் சரியாக உட்கார்ந்தால் நல்லது. உட்காராவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு பிளாக்கைக் கழற்ற வேண்டும்.

இங்கேதான் எனக்குச் சுவாரசியமான விஷயம் கிடைத்தது. ரிங்கைச் சுவரில் அழுத்துவது எது? அதன் சொந்த ஸ்பிரிங் விசை கொஞ்சம் இருக்கிறது. ஆனால் முக்கியமான அழுத்தம் எரியும் வாயுவிலிருந்து வருகிறது. வெடிப்பு நடக்கும்போது வாயு, ரிங் உட்கார்ந்திருக்கும் பள்ளத்துக்குள் புகுந்து, ரிங்கின் முதுகுப் பக்கத்திலிருந்து அதை வெளியே தள்ளுகிறது. ஆக்சிலரேட்டரை நன்றாகத் திறக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் 50 பாருக்கு மேல் போகும். உங்கள் டயரில் இருக்கும் காற்று சுமார் 2 பார்தான். ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஓட்டினால் அந்த அழுத்தம் பல மடங்கு குறைந்துவிடும்.

அதாவது, "ரொம்பப் பதமாக" ஓட்டினால் ரிங் சுவரில் போதுமான அளவு அழுந்துவதே இல்லை. வாயு ஓரமாக ஒழுகும். சுவரில் நிற்கும் ஆயில் படலம் சூட்டில் வெந்து, வார்னிஷ் போலப் படிந்து, ஹோனிங் கீறல்களை அடைத்துவிடும். இதற்கு கிளேசிங் என்று பெயர். வழுக்கிப்போன அம்மி. அதற்குப் பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாலும் ரிங் உட்காராது. ஆயில் குறைந்துகொண்டே இருக்கும்.

இது பைக்காரர்கள் கிளப்பிவிட்ட கதை இல்லை. இதில் மிகத் தெளிவாக எழுதி வைத்திருப்பவர்கள் விமானக்காரர்கள். செஸ்னா 172 போன்ற சிறிய விமானங்களில் இருக்கும் லைகமிங் எஞ்சின்கள், நம் பைக் போலவே காற்றால் குளிரும் பிஸ்டன் எஞ்சின்கள். புதிதாகவோ ஓவர்ஹால் செய்தோ பொருத்திய எஞ்சினை எப்படிப் பழக்குவது என்று அந்த நிறுவனம் சொல்லும் முறை, நம் ஊர் அறிவுரைக்கு நேர் எதிர்: 65 முதல் 75 சதவீத சக்தியில் ஓட்டு, குறைந்த சக்தியில் ஓட்டாதே, ஆயில் செலவு ஒரு நிலைக்கு வரும்வரை இப்படியே செய். தரையில் சும்மா ஓடவிடுவதையும் குறைக்கச் சொல்கிறார்கள். வானத்தில் எஞ்சின் நின்றால் ஓரமாக நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிட முடியாது. அவர்கள் சும்மா எழுதியிருக்க மாட்டார்கள் என்று நம்பலாம்.

அப்படியானால் நாற்பது விதி வெறும் மூடநம்பிக்கையா? இல்லை. ஒரு காலத்தில் அதற்கு நல்ல காரணம் இருந்தது.

அலுமினியம், வார்ப்பிரும்பைவிடச் சூட்டில் சுமார் இரண்டு மடங்கு விரிவடையும். பழைய எஞ்சின்களில் பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் உட்புறம் இரும்பு. 57 மில்லிமீட்டர் போர் இருக்கும் எஞ்சின் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான 150 சிசி வண்டிகளின் அளவு இதுதான். இரண்டும் 100 டிகிரி சூடேறினால், பிஸ்டன் அலாய் சுமார் 0.11 மில்லிமீட்டர் பெருக்கும், இரும்பு 0.06 பக்கம்தான் பெருக்கும். வித்தியாசம் 0.05. தலைமுடியின் தடிமனைவிடக் குறைவுதான். ஆனால் பிஸ்டனுக்கு விட்டிருக்கும் இடைவெளியே கிட்டத்தட்ட அந்த அளவுதான் இருக்கும். இதில் பிஸ்டன் எப்போதும் சிலிண்டரைவிட அதிகச் சூட்டில் இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதைச் சமாளிக்கத்தான் பிஸ்டனைச் சரியான வட்டமாகச் செய்வதில்லை. லேசான நீள்வட்டமாக, மேலே ஒடுங்கியதாகக் கடைகிறார்கள். பழைய கடைசல் இயந்திரங்களின் துல்லியத்தில் எல்லா எஞ்சினுக்கும் இது ஒரே மாதிரி அமையாது. மேடு கொஞ்சம் தூக்கலாக இருக்கும் எஞ்சினில், புதிதாக இருக்கும்போதே முறுக்கினால் உராய்வுச் சூடு, சூட்டால் விரிவு, விரிவால் மேலும் உராய்வு. கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மெக்கானிக் பாஷையில் "சீஸ்".

டூ-ஸ்ட்ரோக்கில் இது இன்னும் மோசம். மைசூர் எஸ்டியும் ஜாவாவும் ஓடிய காலத்தில் பெட்ரோலில் கலக்கும் ஆயில்தான் பிஸ்டனுக்கு மொத்த ஆதாரம். ஆக்சிலரேட்டரை மூடினால் பெட்ரோல் போவது குறையும், கூடவே ஆயிலும் குறையும். இறக்கத்தில் வேகமாகப் போய்க்கொண்டு ஆக்சிலரேட்டரை மூடினால் எஞ்சின் வறண்டு சுற்றும். அந்த வண்டிகளை ஓட்டியவர்களுக்கு சீஸ் என்பது அனுபவித்த பயம். திருவொற்றியூரில் தயாரான பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டுக்கும் பொறுமை வேண்டியிருந்தது. அந்தத் தலைமுறை மெக்கானிக்குகள் சொன்ன நாற்பதுதான், வண்டி மாறிய பிறகும் அப்படியே வந்துகொண்டிருக்கிறது.

வண்டி நிஜமாகவே மாறிவிட்டது. 2008-ல் யமஹா ஆர்15 வந்தபோது அதன் சிலிண்டரில் இரும்பு ஸ்லீவே கிடையாது. சுமார் 20 சதவீதம் சிலிக்கான் கலந்த அலுமினிய வார்ப்பு. வேறு பல வண்டிகளில் அலுமினியச் சிலிண்டரின் உள்ளே நிக்கல்-சிலிக்கான் கார்பைடு பூச்சு. நிகாசில் என்று சொல்லப்படும் இதை 1960-களில் ஜெர்மனியின் மாலே நிறுவனம் வாங்கெல் எஞ்சினுக்காக உருவாக்கியது. பிஸ்டனும் சிலிண்டரும் ஒரே குடும்ப உலோகம் என்பதால் இரண்டும் சேர்ந்தே விரிகின்றன. பல தொழிற்சாலைகளில் ஹோனிங்கின் கடைசிக் கட்டமாகக் கூரான மேடுகளைத் தட்டிவிடும் ஒரு சுற்றும் உண்டு. அதாவது, அந்தக் காலத்தில் நாம் ரோட்டில் செய்த தேய்மானத்தில் ஒரு பகுதியை இப்போது அவர்களே செய்து கொடுத்துவிடுகிறார்கள்.

கையேடுகளைப் பார்த்தால் அதுவும் தெரிகிறது. ஹோண்டா கையேடுகளில் ரன்னிங்-இன் பகுதி மூன்று நான்கு வரிதான். முதல் 500 கிலோமீட்டருக்கு முழு ஆக்சிலரேட்டரில் கிளம்பாதே, திடீரென்று வேகம் எடுக்காதே, கடுமையாக பிரேக் பிடிக்காதே, சடாரென்று கியரைக் குறைக்காதே. யமஹாவின் வெளிநாட்டுக் கையேடுகள் 1,600 கிலோமீட்டர் வரை நீட்டி, அதிக ஆர்பிஎம்மில் நீண்ட நேரம் ஓட்டாதே என்கின்றன. அந்த 1,600 என்ன விசேஷ எண் என்று யோசித்தேன். 1,000 மைல், அவ்வளவுதான்! 500 என்பது 300 மைல். உலோகம் எண்ணிப் பார்த்துச் செட்டாவதில்லை. யாரோ வசதிக்கு வைத்த முழு எண்கள்.

சரி, நாற்பது விதியால் உண்மையில் என்ன கெடுதல்? மெதுவாகப் போவதில் இல்லை. நாற்பதைக் காப்பாற்ற நம் ஆட்கள் செய்யும் வேலையில் இருக்கிறது. டாப் கியரைப் போட்டுவிட்டு முப்பதிலும் நாற்பதிலும் உருட்டுவார்கள். எஞ்சின் பாவம், 2,500 ஆர்பிஎம்மில் திணறிக்கொண்டு, மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலரேட்டர் முழுக்கத் திறந்தும் இழுக்க முடியாமல் 'டொக் டொக்' என்று முனகும். சத்தம் கம்மியாக இருப்பதால் பதமாக ஓட்டுவதாக நினைப்பு. ஆனால் மெதுவாகச் சுற்றும்போது உலோகங்களைப் பிரித்து வைக்கும் ஆயில் படலம் மெலிந்துவிடும். வேகமும் ஆயிலின் கெட்டித்தன்மையும் சேர்ந்துதான் அந்தப் படலத்தை உண்டாக்குகின்றன என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜெர்மானியப் பொறியாளர் ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் பேரிங்குகளில் அளந்து காட்டிய விஷயம். குறைந்த சுற்றில் பெரிய சுமையைப் போடுவது பிஸ்டனுக்கும் கனெக்டிங் ராடு பேரிங்குக்கும் நேரடியான அடி. அதே நாற்பதை மூன்றாம் கியரில் போனால் எஞ்சின் 4,500 பக்கம் நிம்மதியாகச் சுற்றும். (வண்டிக்கு வண்டி மாறும், காதைக் கேளுங்கள்.) ஸ்பீடோமீட்டர் சக்கரத்தின் வேகத்தைத்தான் காட்டுகிறது. எஞ்சினின் கஷ்டத்தை அது காட்டாது.

எதிர்முகாம் ஒன்று இருக்கிறது. முதல் முப்பது கிலோமீட்டரிலேயே நன்றாக முறுக்கி ஓட்ட வேண்டும், அப்போதுதான் ரிங் உட்காரும் என்பவர்கள். பந்தயக்காரர்கள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். வாயு அழுத்தம் பற்றி அவர்கள் சொல்வது சரி. ஆனாலும் முழுதாக அவர்கள் பக்கம் போக எனக்கு மனமில்லை. எஞ்சினில் ரிங் மட்டும் இல்லை. கியர்களும் பேரிங்குகளும் வால்வுகளும் அதே நேரத்தில்தான் பழகுகின்றன. அவற்றுக்கு ஆரம்பத்தில் அதிகச் சூடு ஆகாது. பந்தயக்காரர் எஞ்சினைச் சீசனுக்கு ஒருமுறை பிரித்துப் பார்ப்பவர். நாம் பத்து வருடம் ஆபீஸ் போக வேண்டும். இன்னொன்று, "நான் முறுக்கித்தான் ஓட்டினேன், லட்சம் கிலோமீட்டர் ஓடிடுச்சு" என்பதும் "நான் நாப்பதுலதான் ஓட்டினேன், இன்னும் பிளாக் பிரிக்கல" என்பதும் ஒரே மாதிரி சாட்சியங்கள். ஒரே வண்டியை இரண்டு தடவை புதிதாக்கி ஓட்டிப் பார்க்க யாராலும் முடியாது.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். திருச்சி எங்கேயும் ஓடிவிடாது, இரண்டு வாரம் தள்ளிப்போடு. முதல் 300 கிலோமீட்டரை தாம்பரம், வண்டலூர், கேளம்பாக்கம், திருப்போரூர் பக்கமே முடி. காலையில் ஸ்டார்ட் பண்ணினதும் நின்ற இடத்தில் பத்து நிமிடம் உறும விடாதே. அரை நிமிடம் போதும், பிறகு மெதுவாகக் கிளம்பி, ஐந்தாறு கிலோமீட்டர் சூடேறும்வரை அமைதியாகப் போ. சூடான பிறகு கியர் கியராக இழு: மூன்றாம் கியரில் 3,500-லிருந்து 5,500 வரை ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் திறந்து சீராக ஏற்று, பிறகு மூடிவிட்டு கியரிலேயே வேகம் குறைய விடு. ஏற்றும்போது ரிங் சுவரில் அழுந்தும். மூடும்போது சிலிண்டரில் உண்டாகும் வெற்றிடம் கொஞ்சம் ஆயிலை மேலே இழுத்துச் சுவரை நனைக்கும். திரும்பத் திரும்ப இதுதான். சிக்னலும் வேகத்தடையுமாக இருக்கும் நம் ஊர் ரோடு இதற்கென்றே போட்ட மாதிரி இருக்கிறது, இதற்காவது உதவட்டும். கையேட்டில் ஆர்பிஎம் எல்லை போட்டிருந்தால் அதைத் தாண்டாதே. வாரண்டி விஷயத்தில் என் பேச்சைவிட அந்தப் புத்தகத்தின் பேச்சுதான் எடுபடும். 300-க்குப் பிறகு எல்லையை நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சமாக உயர்த்து. டபுள்ஸ் வைத்து மேம்பாலம் ஏறுவதைக் கொஞ்ச நாள் தவிர்த்துக்கொள்.

நெடுஞ்சாலையில் போகத்தான் வேண்டுமென்றால், அறுபது எழுபதில் இடது ஓரமாக, வேகத்தை அவ்வப்போது கூட்டிக் குறைத்து, ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு டீ. ஒரே வேகத்தில் மணிக்கணக்காகப் போவதுதான் ஆகாது.

அடுத்தது ஆயில். எனக்குக் கேட்டால் ஓட்டும் விதத்தைப் பற்றிய சண்டையைவிட இது முக்கியம். புதிதாகக் கொத்திய அம்மியில் முதலில் கொஞ்சம் அரிசியோ தவிடோ அரைத்துக் கீழே கொட்டிவிடுவார்கள். கல்துகள் போக வேண்டுமே. முதல் ஆயிலும் அதுதான். முதல் சர்வீஸில் வடித்த ஆயிலை வெயிலில் பார்த்தால் மினுமினுவென்று பெயிண்ட் மாதிரி இருக்கும். அத்தனையும் உலோகப் பொடி. பைக்கில் எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் ஒரே ஆயில் என்பதால் அந்தப் பொடி எல்லா இடத்துக்கும் சுற்றி வரும். அதனால் முதல் சர்வீஸை ஒருபோதும் தள்ளிப்போடாதீர்கள். 500-ல் என்றால் 500-ல், 1,000-ல் என்றால் 1,000-ல். ஆயில் ஃபில்டரையும் மாற்றினார்களா என்று கேளுங்கள். "கேட்டா கோச்சுக்குவாங்களோ" என்று கூச்சப்பட வேண்டாம், உங்கள் பணம்.

"ஆரம்பத்துல மினரல் ஆயில்தான் போடணும், சிந்தெட்டிக் போட்டா ரிங் செட்டாகாது" என்றும் ஒரு பேச்சு உண்டு. விமான எஞ்சின்களில் இன்றும் அப்படித்தான், அதற்கென்றே சேர்க்கை இல்லாத மினரல் ஆயிலைப் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் 1992-லிருந்து ஷெவர்லே கார்வெட் கார்கள் தொழிற்சாலையிலிருந்தே சிந்தெட்டிக் ஆயிலோடுதான் வெளிவருகின்றன. அவற்றின் ரிங் உட்காராமல் போய்விடவில்லை. கையேடு எந்த கிரேடு சொல்கிறதோ அதைப் போடுங்கள். கியர் பைக்குக்கு டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும் என்பதை மட்டும் பாருங்கள். கார் ஆயில் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்க்கைகள் இருக்கும். அவை ஆயிலில் ஊறிக்கொண்டிருக்கும் நம் கிளட்ச் பிளேட்டை வழுக்கவைத்துவிடும்.

எஞ்சினைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். புது பைக்கில் ஆளைக் கீழே தள்ளக்கூடியது டயர். புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும், முதல் நூறு நூற்றைம்பது கிலோமீட்டருக்கு வளைவுகளில் அதிகம் சாய்க்காதீர்கள், மழையென்றால் இன்னும் கவனம். பிரேக் பேடும் டிஸ்க்கும் பழக வேண்டும். முதல் நாளில் பிரேக் எதிர்பார்த்த அளவு பிடிக்காது, முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி விடுங்கள். செயின் ஆரம்பத்தில் சீக்கிரம் தளரும், முதல் சர்வீஸில் அதையும் டாப்பெட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ரிங் உட்கார்ந்ததா என்பதை எஞ்சினைப் பிரிக்காமலே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். முதல் சர்வீஸ் முடிந்து ஆயில் மாற்றியதும், சமதளத்தில் வண்டியை நேராக நிறுத்தி, எஞ்சினை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்து ஆயில் மட்டத்தைப் பார்த்து, மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். 500 கிலோமீட்டர் கழித்து அதே இடத்தில், அதே மாதிரி நிறுத்தி இன்னொரு போட்டோ. அடுத்த 500-க்குப் பிறகும் ஒன்று. முதல் இரண்டுக்கும் நடுவே லேசாகக் குறைந்து, அதற்குப் பிறகு மட்டம் அப்படியே நின்றால் வேலை முடிந்தது. மூன்றாவதிலும் குறைந்துகொண்டே போனாலோ, நீண்ட இறக்கம் இறங்கிவிட்டு முறுக்கும்போது சைலன்சரில் நீலப் புகை வந்தாலோ, வாரண்டி இருக்கும்போதே அந்த போட்டோக்களோடு சர்வீஸ் சென்டருக்குப் போய், ஜாப் கார்டில் "ஆயில் குறைகிறது" என்று எழுதச் சொல்லி, ஒரு நகல் வாங்கிக்கொண்டு வாருங்கள்.